ஈரலில் கட்டி என்று ரிப்போர்ட் வந்த வீட்டுக்கு

சித்தப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தணித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "குடிப்பாரோ?" வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை மனிதர். சித்திக்கு நோயைவிட இந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது. அவருக்குக் காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ். அனேகமாகப் பிறந்தபோதே தொற்றி, 66 வருஷம் சத்தமே இல்லாமல் உள்ளே இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். மருத்துவம் படித்தவன் இல்லை. முதல் வாரத்திலேயே யாராவது உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் தோன்றிய விஷயங்களை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மருந்தும் அளவும் முடிவும் உங்கள் டாக்டருடையவை. அவர் பேசுவது புரியவும், திருப்பிக் கேட்கவும் இது உதவும்.

முதல் படி: ஈரலில் பிறந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா?

ஸ்கேனில் "லிவரில் கட்டி" என்று வந்தாலே அது ஈரல் புற்றுநோய் ஆகிவிடாது. ஹீமான்ஜியோமா என்கிற ரத்தக்குழாய் முடிச்சு, நீர்க்கட்டி இவையெல்லாம் பலருக்கும் சாகும்வரை தொல்லை தராமல் கிடப்பவை. இன்னொரு பக்கம், பெருங்குடல், வயிறு, கணையம், மார்பகம் போன்ற இடங்களில் ஆரம்பித்த புற்றுநோய் ரத்தத்தோடு வந்து ஈரலில் குடியேறுவது உண்டு. அது ஈரலில் இருந்தாலும் ஈரல் புற்றுநோய் இல்லை. குடலில் பிறந்தது குடல் புற்றுநோய்தான், சிகிச்சையும் அதற்கானதுதான்.

ஈரலிலேயே பிறப்பதில் முக்கால்வாசிக்கு மேல் ஈரல் செல்லில் உண்டாகிற ஹெபடோசெல்லுலர் கார்சினோமா. ரிப்போர்ட்டில் எச்சிசி என்று மூன்றெழுத்தில் இருக்கும். பித்தக்குழாய்ச் செல்லில் வருவது கோலாஞ்சியோகார்சினோமா. சின்னக் குழந்தைகளுக்கு வருவது ஹெபடோபிளாஸ்டோமா. இந்த இரண்டுக்கும் பாதை வேறு. நான் பேசப்போவது எச்சிசி பற்றி மட்டும்.

ஆக, டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது எங்கே ஆரம்பித்தது?" இதற்குப் பதில் கிடைக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இரண்டாவது படி: சரியான ஸ்கேன்

எங்களுக்கு இங்கேதான் 12 நாள் வீணானது. ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவசரமாக ஒரு சிடி எடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், படத்தை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "இது சாயமருந்து ஏற்றாத பிளெய்ன் சிடி, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். பணமும் போய், நாளும் போனது.

காரணம் பிறகு புரிந்தது. ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக ஏறக்குறைய முக்கால் பங்கு, ஹெபாடிக் தமனி வழியாகக் கால் பங்கு. நல்ல ஈரல் பெரும்பாலும் போர்ட்டல் சிரையை நம்பி இருக்கிறது. எச்சிசி கட்டியோ தமனியில் தனக்கென்று கிளை இழுத்துக்கொண்டு வளர்கிறது. அதனால் ஊசியில் சாயமருந்து ஏற்றி, அது தமனியில் ஓடும் நேரம், சிரைக்கு வரும் நேரம், வடிந்துபோகும் நேரம் என்று தனித்தனியாகப் படம் எடுத்தால், கட்டி முதலில் பளிச்சென்று மின்னிப் பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகும். இந்த மின்னி மங்குவதுதான் எச்சிசியின் கைரேகை. இதற்கு டிரிபிள் ஃபேஸ் சிடி அல்லது சாயமருந்தோடு எம்ஆர்ஐ வேண்டும். ஸ்கேனுக்கு எழுதித் தரும்போதே "மூன்று கட்டமா சார்?" என்று கேட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கிரியேட்டினின் அளவை முன்கூட்டியே சொல்லவும்.

ஈரல் ஏற்கெனவே சுருங்கிப்போனவருக்கோ, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கோ இந்தக் கைரேகை தெளிவாகத் தெரிந்தால் பயாப்ஸி இல்லாமலே எச்சிசி என்று முடிவு செய்வார்கள். "சதை எடுத்துப் பார்க்காமலே எப்படி புற்றுநோய் என்கிறார்கள்?" என்று என் அத்தை மகன் சண்டைக்கே போய்விட்டான். புற்றுநோயில் இது அபூர்வமான சலுகை, உண்மையிலேயே அப்படித்தான். ஸ்கேனை வைத்து எச்சிசியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று தரம் பிரிக்கும் அளவுகோல் எல்ஐ-ராட்ஸ். ரிப்போர்ட்டின் கடைசியில் எல்ஐ-ராட்ஸ் 5 என்று இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம் என்று பொருள். 3 அல்லது 4 என்றால் சந்தேகம். திரும்ப எடுக்கலாம், அல்லது பயாப்ஸி தேவைப்படலாம். ஈரல் ஆரோக்கியமாக இருப்பவருக்குக் கட்டி வந்தால் இந்தச் சலுகை கிடையாது, பயாப்ஸி வேண்டும்.

ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். அது 400க்கு மேல் எகிறினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் நார்மலாக வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள், சிறிய கட்டி உள்ளவர்களில் கணிசமான பேருக்கு அது ஏறுவதே இல்லை. பெட் ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை என்று பலர் கோபிக்கிறார்கள். சாதாரண பெட் ஸ்கேனில் எச்சிசி பல சமயம் பிடிபடாது. அதனால்தான் விட்டிருப்பார்கள். நுரையீரலுக்கு ஒரு சிடி எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

மூன்றாவது படி: மீதி ஈரல் எப்படி இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மார்பகத்திலோ குடலிலோ புற்றுநோய் வந்தால் பொதுவாகக் கட்டியைத் தவிர மற்ற உடம்பு நன்றாக இருக்கும். ஈரல் கதை வேறு. எச்சிசி வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்கெனவே சிரோசிஸ் இருக்கும். வைரஸாலோ, மதுவாலோ, சர்க்கரை நோயும் தொப்பையும் சேர்ந்த கொழுப்புக் கல்லீரலாலோ வருஷக்கணக்கில் புண்பட்டு, தழும்பேறி, முண்டும் முடிச்சுமாக இறுகிப்போன ஈரல். அந்த முடிச்சுகளுக்கு நடுவே ஒன்று புற்றாகிறது. ஒரே உடம்பில் இரண்டு வியாதி. கட்டியை அடிக்கிற எந்தச் சிகிச்சையும் கூடவே இந்த நொந்த ஈரலையும் கொஞ்சம் அடிக்கும். தாங்குமா என்பதுதான் கேள்வி.

வீட்டில் எல்லோரும் "கட்டி எத்தனை சென்டிமீட்டர்?" என்று மட்டும் கேட்கிறோம். எங்கள் கேஸ்ட்ரோ டாக்டர் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காத மாதிரி, ரத்த ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சைல்ட்-பியூ மதிப்பெண் என்று பெயர். ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மார்க். மஞ்சள் காமாலையில் ஏறுகிற பிலிருபின் 2க்குக் கீழே இருந்தால் 1, 2 முதல் 3 வரை என்றால் 2, அதற்கு மேல் 3. ஈரல் தயாரிக்கும் புரதமான அல்புமின் 3.5க்கு மேல் 1, 2.8 வரை இறங்கினால் 2, அதற்கும் கீழே 3. ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் 1.7க்குக் கீழே 1, 2.3 வரை 2, தாண்டினால் 3. வயிற்றில் நீர் இல்லையென்றால் 1, கொஞ்சம் என்றால் 2, நிறைய என்றால் 3. மூளை மந்தம், குழப்பம் இல்லாவிட்டால் 1, லேசாக என்றால் 2, கடுமை என்றால் 3.

சித்தப்பாவுக்குப் பிலிருபின் 1.6, அல்புமின் 3.1, ஐஎன்ஆர் 1.4, ஸ்கேனில் தெரிகிற அளவு கொஞ்சம் நீர், புத்தி தெளிவு. கூட்டிப் பாருங்கள்: 1, 2, 1, 2, 1. மொத்தம் 7. ஐந்தும் ஆறும் ஏ பிரிவு, 7 முதல் 9 வரை பி, 10 முதல் 15 வரை சி. அவர் பி பிரிவின் வாசலில் நின்றார். கட்டி ஒன்றே ஒன்றுதான், 4.2 சென்டிமீட்டர். அதே அளவுக் கட்டியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள், எங்களுக்கு இல்லை. சித்தி அதை அநியாயமாக நினைத்தார். அந்த 7ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சரி, இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் புதுப்பியுங்கள். இதோடு ஒருமுறை எண்டோஸ்கோபி செய்து உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். ஈரல் இறுகினால் அதற்குள் போக முடியாத ரத்தம் அங்கே முட்டி நிற்கும். உடைந்தால் வாந்தியில் ரத்தம் கொட்டும். தேவைப்பட்டால் முன்கூட்டியே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுவார்கள்.

நான்காவது படி: எந்தக் கட்டம்?

ஈரலுக்குப் பெரும்பாலான டாக்டர்கள் பார்சிலோனா முறை என்கிற பிசிஎல்சி வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். 0, ஏ, பி, சி, டி என்று ஐந்து. மற்றப் புற்றுநோய்களில் ஸ்டேஜ் என்றால் கட்டி எவ்வளவு பரவியது என்பது. இதில் கட்டி, ஈரலின் நிலை, நோயாளி தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்ற மூன்றும் சேர்ந்தது. 0 என்றால் 2 சென்டிமீட்டருக்குள் ஒற்றைக் கட்டி. ஏ என்றால் ஒற்றைக் கட்டி, அல்லது 3 சென்டிமீட்டருக்குள் மூன்று வரை. பி என்றால் அதைவிட அதிகம், ஆனால் ஈரலுக்குள்ளேயே. சி என்றால் ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டது அல்லது வெளியே போய்விட்டது. டி என்றால் ஈரலோ உடம்போ சிகிச்சையைத் தாங்காத நிலை.

சி என்று கேட்டதும் "கடைசி ஸ்டேஜா?" என்று பதறாதீர்கள். 2007க்கு முன்னால் அங்கே கொடுக்க உருப்படியான மருந்தே இல்லை. இப்போது அப்படி இல்லை.

ஐந்தாவது படி: சிகிச்சைகள்

ஒரே டாக்டர் ஒரே அறையில் முடிவெடுக்கக் கூடாத நோய் இது. ஈரல் மருத்துவர், அறுவை நிபுணர், ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், புற்றுநோய் மருத்துவர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். கத்தி வைத்திருப்பவர் கத்தியைத்தான் முதலில் நினைப்பார், மனித சுபாவம்.

வெட்டி எடுப்பது: ஈரல் நன்றாக இருந்து கட்டி ஒன்றாக இருந்தால் இதுதான் முதல் தேர்வு. ஈரல் திரும்ப வளரும், அது உண்மை. ஆனால் சிரோசிஸ் உள்ள ஈரல் அவ்வளவு சுறுசுறுப்பாக வளராது. அதனால் நல்ல ஈரலில் கால் பங்கு மிஞ்சினாலே போதும் என்றால், இறுகிய ஈரலில் 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். வெட்டியாகிவிட்டது, முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது, ஏனென்றால் நோய் விளைகிற அதே மண்தான் மீதி இருக்கிறது.

மாற்று ஈரல்: கட்டியையும் போக்கி, அது முளைத்த மண்ணையும் மாற்றுவது இது ஒன்றுதான். யாருக்குப் பொருந்தும் என்பதற்கு 1996இல் இத்தாலியின் மிலான் நகரத்து அறுவை நிபுணர்கள் ஒரு வரையறை சொன்னார்கள்: ஒற்றைக் கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று வரை, ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாய்க்குள் போயிருக்கக் கூடாது. அவர்கள் ஆராய்ந்தது வெறும் 48 நோயாளிகளை. நான்கு வருஷம் கழித்தும் அவர்களில் 75 சதவீதம் பேர் உயிரோடு இருப்பார்கள் என்று கணக்கு வந்தது. இன்றும் உலகம் முழுக்க மிலான் கணக்கிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. சில மையங்கள் அதைக் கொஞ்சம் தளர்த்தியும் செய்கின்றன.

ஈரல் எங்கிருந்து வரும்? மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து, அல்லது உயிரோடு இருக்கிற உறவினர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுப்பது. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் இவர்களைச் சட்டம் நெருங்கிய உறவு என்கிறது. அதைத் தாண்டினால் அனுமதிக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும், கொடுப்பவர் ஈரலில் கொழுப்பு அதிகம் இருக்கக் கூடாது. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று, 1998 நவம்பரில் டெல்லியில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு. இரண்டு வயதுகூட நிறையாத அந்தக் குழந்தைக்குத் தந்தைதான் ஈரல் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டர் ஆகிவிட்டார். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் ஈரல் மாற்று செய்கிறார்கள். தனியாரில் ஆகும் செலவைக் கேட்டு மயங்கி விழுவதற்கு முன் அங்கே ஒரு தடவை விசாரியுங்கள். சித்தப்பாவுக்கு இதயத்தில் ஏற்கெனவே இரண்டு ஸ்டென்ட். மயக்க மருந்து டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

சுட்டு அழிப்பது: ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ வேக வைத்துவிடுவார்கள். 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அருமையாக வேலை செய்யும். 2 சென்டிமீட்டருக்குள் என்றால் வெட்டுவதற்குச் சமம் என்றே பலர் சொல்கிறார்கள். பெரிய ரத்தக்குழாய், பித்தக்குழாய் பக்கத்தில் இருந்தால் சிரமம்.

டேஸ்: எங்களுக்குக் கிடைத்தது இதுதான். இடுப்பு மடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்குச் சோறு போடும் கிளை வரை கொண்டுபோய், அங்கே கீமோ மருந்தை எண்ணெய் போன்ற லிப்பியடாலில் குழைத்து ஊற்றி, பிறகு அந்தக் கிளையை அடைத்துவிடுவார்கள். மருந்தும் உள்ளே, பட்டினியும் போட்டாயிற்று. நல்ல ஈரலுக்குப் போர்ட்டல் சிரை ரத்தம் தருவதால் அது பிழைத்துக்கொள்ளும். மேலே சொன்ன இரட்டை ரத்த ஓட்டம் ஞாபகம் இருக்கிறதா, இந்தச் சிகிச்சையே அந்த ஓட்டையில் புகுந்து விளையாடுவதுதான். அதே காரணத்தால் போர்ட்டல் சிரை அடைத்திருந்தால் பொதுவாக இது வேண்டாம் என்பார்கள்.

மயக்கம் கொடுப்பதில்லை, மரத்துப்போக ஊசி மட்டும். சித்தப்பா திரையைப் பார்த்தபடியே படுத்திருந்தாராம். பிறகு காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள், வலியைவிட அதுதான் அவருக்குத் தண்டனை. இரண்டாம் நாள் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல், சோறு பிடிக்காமை. நாங்கள் பயந்துபோனோம். கட்டி சாகும்போது வருகிற எதிர்வினை இது, பலருக்கு வரும், சில நாளில் அடங்கும். ஆனால் வாரம் தாண்டியும் குளிரோடு காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், வயிறு வீங்கினால் காத்திருக்கக் கூடாது. நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி மூன்று கட்ட சிடி. கட்டியின் அளவு குறையவில்லை என்று நாங்கள் முகம் தொங்கியபோது ரேடியாலஜிஸ்ட் சொன்னார்: "அளவைப் பார்க்காதீங்க தம்பி, உள்ளே மின்னுதான்னு பாருங்க." மூன்றில் இரண்டு பங்கு இருட்டாகியிருந்தது. மிச்சத்துக்கு இன்னொரு தடவை செய்தார்கள்.

இதற்குத் தம்பி முறை டேர். யிட்ரியம்-90 என்ற கதிரியக்க மணிகளைத் தமனி வழியாக அனுப்புவது. போர்ட்டல் சிரை அடைத்தவர்களுக்கும் சில சமயம் செய்யலாம். மணி நுரையீரலுக்கு ஓடிவிடாதா என்று பார்க்க முதலில் ஒரு ஒத்திகை ஆஞ்சியோகிராம் உண்டு. செலவு எக்கச்சக்கம். வெளியிலிருந்து துல்லியமாகக் கதிர்வீச்சு கொடுக்கும் எஸ்பிஆர்டி முறையும் இருக்கிறது, ஊசி போக முடியாத இடத்தில் கட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரையும் ஊசியும்: சாதாரணக் கீமோ எச்சிசிக்குப் பெரிதாக எடுபடுவதில்லை. 2007இல் வந்த சோராஃபெனிப் மாத்திரைதான் முதல் திறப்பு. அதன் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. பேயர் நிறுவனம் மாசத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய்க்கு விற்ற அந்த மருந்துக்கு, 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் தயாரித்து விற்கும் அனுமதியை, ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்துக்குக் கொடுத்தது. விலை 9,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிவது, பேதி, ரத்த அழுத்தம் இவை இதன் பக்கவிளைவுகள். காலுக்கு மெத்தென்ற செருப்பும் யூரியா கலந்த கிரீமும் முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடுங்கள். 2018இல் லென்வாடினிப் வந்தது. 60 கிலோவுக்குக் கீழே 8 மில்லிகிராம், அதற்கு மேல் 12 என்று எடை பார்த்துத் தருவார்கள்.

2020இல் அட்டெசோலிசுமாப், பெவசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் முறை, சோராஃபெனிபைவிட அதிக காலம் வாழ வைப்பதாக நிரூபணமானது. ஆய்வில் பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம் 13.4 மாசத்திலிருந்து 19.2 மாசத்துக்கு நகர்ந்தது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அவிழ்த்துவிடும் மருந்து இது. பெவசிசுமாப் ரத்தக்கசிவைத் தூண்டலாம் என்பதால் எண்டோஸ்கோபி பார்க்காமல் தொடங்க மாட்டார்கள். துர்வாலுமாப், ட்ரெமெலிமுமாப் ஜோடி இன்னொரு வழி. மாற்று ஈரல் வைத்தவருக்கு இவ்வகை ஊசிகள் ஆபத்து, புதிய ஈரலையே உடம்பு தாக்கத் தொடங்கலாம். அப்புறம், இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சைல்ட்-பியூ ஏ பிரிவினரிடம் செய்யப்பட்டவை. திரும்பத் திரும்ப அந்த மார்க்குக்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

வைரஸ் மருந்தை மறந்துவிடாதீர்கள். ஹெபடைடிஸ் பி இருந்தால் டெனோஃபோவிர் அல்லது என்டிகாவிர் தினம் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வைரஸ் பொங்கி மீதி ஈரலையும் கொண்டுபோய்விடும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்துகள் அரசு மையங்களில் இலவசம்.

ஆறாவது படி: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் காட்டுங்கள். சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், பில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் விண்ணப்பியுங்கள். விலை கூடிய ஊசிகளுக்கு நிறுவனங்களே நடத்தும் உதவித் திட்டங்கள் இருக்கும், டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஏழாவது படி: வீட்டில்

சோறு பற்றித்தான் வீட்டில் அதிகம் சண்டை வரும். "ஈரல் வியாதி, பத்தியம்" என்று கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்து ஆளை எலும்பாக்கிவிடுகிறோம். இறுகிய ஈரலால் சத்தைச் சேமித்து வைக்க முடியாது. ராத்திரிப் பட்டினியிலேயே உடம்பு சதையைத் தின்ன ஆரம்பிக்கும். எனவே முட்டை, பால், தயிர், பருப்பு, மீன் நிறைய வேண்டும். படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும் கட்டாயம். வயிற்றில் நீர் இருந்தால் குறைக்க வேண்டியது உப்பு: அப்பளம், ஊறுகாய், கருவாடு, வடகம். காபி? தாராளமாக. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் குறைவாக வருவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சித்தப்பாவுக்கு டாக்டர் சொன்னதிலேயே அதிகம் பிடித்த வாக்கியம் அதுதான்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவும் சிறுநீரகச் சேதமும் வரும். பாரசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள் பொதுவாகத் தருவார்கள், அதையும் கேட்டுக்கொண்டே. தூக்க மாத்திரை கூடவே கூடாது.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காத தமிழ் வீடு கிடையாது, அதனால் சொல்லிவிடுகிறேன். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, அந்த இனச் செடி ஒன்று வைரஸைப் போக்குவதாக லான்செட் இதழில் எழுதினார்கள். பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிறகு வேறிடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. புற்றுக்கட்டிக்கு அதனால் பயன் உண்டு என்று காட்டியவர் யாருமில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி இந்திய ஈரல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நொந்த ஈரலுக்கு எந்தக் கஷாயமும் ஒரு சுமை. எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை: ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலியோடு மயக்கம், வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சல், சிறுநீர் குறைவது. இன்னொன்று நுட்பமானது. பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, கையெழுத்து கோணுவது, கேட்டதையே கேட்பது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறுவதன் அறிகுறி அது, பெரும்பாலும் மலச்சிக்கலில் ஆரம்பிக்கும். லாக்டுலோஸ் சிரப் தந்து தினம் இரண்டு மூன்று தடவை மலம் போகும்படி வைத்திருக்கச் சொல்வார்கள். சித்தப்பா ஒருநாள் காலையில் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். சித்தி சிரித்தார், நான் ஆட்டோ பிடித்தேன். இரண்டு நாளில் தெளிந்துவிட்டார்.

ஒரு கட்டத்துக்கு மேல் கட்டியை விட்டுவிட்டு வலி, நீர், தூக்கம் இவற்றை மட்டும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். பாலியேட்டிவ் கேர் குழுவைக் கடைசி வாரத்தில் தேடாமல், சிகிச்சை நடக்கும்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு வீட்டுக்கே வந்து வயிற்று நீரை எடுத்துவிட்டுப் போன நர்ஸ் அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான்.

எட்டாவது படி: மற்றவர்களைச் சோதிப்பது

நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி என்றால் கூடப் பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் அத்தனை பேருக்கும், அந்த வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி ரத்தப் பரிசோதனை ஒன்று எடுங்கள். இல்லாதவருக்குத் தடுப்பூசி. பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. இருப்பவருக்கு, சிரோசிஸ் இருந்தாலோ வயது கூடியிருந்தாலோ, ஆறு மாசத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும். ஹெபடைடிஸ் சி என்றால் இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே முற்றிலும் குணமாகிவிடுகிறது. ஆனால் ஈரல் ஏற்கெனவே இறுகியிருந்தால் குணமான பிறகும் ஸ்கேனை விடக் கூடாது. கொழுப்புக் கல்லீரல் என்று ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பவர்கள் ஃபைப்ரோஸ்கேன் எடுத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஏழு பேர் போய்க் கை நீட்டினோம். எனக்கு இல்லை, சித்தப்பா பிள்ளைகள் இருவருக்கும் இல்லை, அப்பாவுக்கு இருந்தது. சித்தப்பாவுக்கு மூத்தவர், 71 வயது, ஒருநாளும் ஈரலைப் பற்றி நினைத்திராதவர். இப்போது தினமும் காலைக் காபிக்குப் பிறகு ஒரு மாத்திரை. ஜனவரியிலும் ஜூலையிலும் ஸ்கேன். போன ஜூலை ரிப்போர்ட்டில் கட்டி எதுவும் இல்லை.